கணித, கணினி மாணவர் மன்றம்: ரோல்ஸ் நாற்பது, வந்தவர்கள் ஒன்பது பேர்

திருநெல்வேலிச் சந்தி கேட்டது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் பௌதிக விஞ்ஞானம் படிக்கிறேன், இரண்டாம் வருடம், கணிதமும் கணினி விஞ்ஞானமும். போன மாதம் எங்கள் மாணவர் மன்றத்துக்குப் புதிய செயலாளர் வேண்டும் என்றபோது கூட்டத்தில் இருந்த எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள், நான் மட்டும் தெரியாத்தனமாக நிமிர்ந்துவிட்டேன். செயலாளர் ஆனதற்கு வேறு தகுதி எதுவும் கிடையாது.

முதல் நிகழ்ச்சியின் கதையைக் கேளுங்கள். வெளியில் இருந்து ஒரு சேரை அழைத்து இயந்திரக் கற்றல் பற்றி ஓர் உரை ஒழுங்கு செய்தோம். புதன்கிழமை பின்னேரம் இரண்டு மணி. பெரிய மண்டபம், பதாகை, மாலை, நாற்பது ரோல்ஸ். மங்கள விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, இரண்டு வாழ்த்துரை எல்லாம் முடிந்து சேரின் கைக்கு ஒலிவாங்கி போனபோது மூன்று மணி பத்து. முன்னால் இருந்தது ஒன்பது பேர். அதில் நாலு பேர் நிர்வாகக் குழு, ஒருவர் ஒலிபெருக்கி பூட்ட வந்தவர். சேர் கோபிக்கவில்லை, சிரித்துக்கொண்டே முழுதாகப் பேசிவிட்டுப் போனார், அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது. ரோல்ஸ் மட்டும் அன்றிரவே விடுதியில் முடிந்துவிட்டது, அதற்கு ஆள் பற்றாக்குறை வரவில்லை.

மன்றம் என்றால் எங்களிடம் இருப்பது வருடத்துக்கு ஒரு மலர், ஒரு கிரிக்கெட் மட்ச், புதுமுகங்களுக்கு ஒரு வரவேற்பு, போகிறவர்களுக்கு ஒரு பிரியாவிடை. கணிதம் எங்கே என்று கேட்டால் மலரின் அட்டையில் ஒரு தொகையீட்டுக் குறி இருக்கிறது. காசும் பெரிதாக இல்லை. உங்கள் காலத்தில் உருப்படியாக எதுவும் நடந்ததா? விரிவுரையாளர்களை எப்படி இழுப்பது? இன்னொன்று, எங்கள் பட்சில் சிங்களப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், தமிழில் நடத்தினால் அவர்கள் வரமாட்டார்கள், ஆங்கிலத்தில் நடத்தினால் எங்கள் ஆட்கள் வாயே திறக்கமாட்டார்கள். இதற்கு என்ன வழி?

---

கொக்குவில் அண்ணை எழுதியது:

தம்பி (தங்கச்சியாகவும் இருக்கலாம், பெயரில் இருந்து பிடிபடவில்லை), நான் கம்பஸ் விட்டு எட்டு வருடம், இப்போது கொழும்பில் சொப்ட்வெயார் வேலை. உங்கள் கதையில் பிழை சேரிலும் இல்லை, தலைப்பிலும் இல்லை. வந்த ஆட்களை எழுபது நிமிடம் சும்மா இருத்திவைத்தீர்கள். நூல் வெளியீடு என்றாலும் சரி, நீச்சல் தடாகம் திறப்பது என்றாலும் சரி, எங்கள் ஊரில் நிகழ்ச்சிநிரல் ஒன்றுதான், அதில் ஒரு வாழ்த்துரையை வெட்டினால் வெட்டுப்பட்டவர் பத்து வருடம் முகம் பார்க்கமாட்டார். ஆகவே நிகழ்ச்சி என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். மண்டபம் வேண்டாம். ஒரு வகுப்பறை, ஒரு கரும்பலகை, ஒரு கணக்கு. அவ்வளவுதான்.

எங்கள் பட்சில் இது தற்செயலாகத் தொடங்கியது. நல்ல மழை, விரிவுரை நடக்கவில்லை, வெளியே போகவும் முடியாது. புங்குடுதீவுப் பெடியன் ஒருவன் சோக்கை எடுத்துப் பலகையில் தீவுகளைக் கீறினான். யாழ்ப்பாணத்தில் இருந்து வேலணைத் தீவுக்குப் பண்ணைப் பாலம். யாழ்ப்பாணத்தில் இருந்து காரைநகருக்குப் பொன்னாலைப் பாலம். காரைநகரில் இருந்து ஊர்காவற்றுறைக்குப் பாதை, அதாவது அந்த மிதவை, ஊர்காவற்றுறை வேலணைத் தீவில்தான் இருக்கிறது. வேலணையில் இருந்து புங்குடுதீவுக்கு ஒரு பாலம். புங்குடுதீவு குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்கு ஒரு படகு, நெடுந்தீவுக்கு ஒரு படகு. மண்டைதீவு, அனலைதீவு, எழுவைதீவை எல்லாம் மறந்துவிடுங்கள், அந்த ஊர்க்காரர் மன்னிக்கவேண்டும். கேள்வி இதுதான்: ஒவ்வொரு பாலத்தையும் படகையும் சரியாக ஒரேயொரு தடவை பாவித்து எல்லாவற்றையும் சுற்றி முடிக்கலாமா? எங்கே தொடங்குவது என்பது உங்கள் விருப்பம்.

ஒன்றரை மணித்தியாலம் போனது. ஆளுக்கு ஆள் பலகையை அழித்து அழித்துக் கீறினார்கள். கடைசியில் பின் வாங்கில் இருந்த ஒருத்தி, அதுவரை வாயே திறக்காதவள், ஒவ்வொரு தீவிலும் எத்தனை வழி தொடுகிறது என்று எண்ணச் சொன்னாள். ஒரு தீவுக்குள் வந்தால் வெளியே போக இன்னொரு வழி வேண்டும், ஆகவே இடையில் வரும் தீவு எல்லாம் இரட்டை எண்ணாக இருக்கவேண்டும், ஒற்றை எண் வரலாம் என்றால் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும்தான். யாழ்ப்பாணம் இரண்டு, காரைநகர் இரண்டு, வேலணை மூன்று, புங்குடுதீவு மூன்று, நயினாதீவு ஒன்று, நெடுந்தீவு ஒன்று. ஒற்றை எண் நாலு இடத்தில். முடியாது. 1736 இல் ஒயிலர் என்ற கணிதமேதை கொனிக்ஸ்பேர்க் நகரத்தின் ஏழு பாலத்துக்குச் சொன்ன அதே காரணம். பேந்து வரைபுக் கோட்பாடு, அதாவது இப்படிப் புள்ளியும் இணைப்புக் கோடுமாகக் கீறிப் பார்க்கும் கணிதம், பாடமாக வந்தபோது எங்கள் பட்சில் ஒருவருக்கும் அந்த அத்தியாயம் கஷ்டமாக இருக்கவில்லை.

அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு கணக்கு என்று தொடர்ந்தோம். ஒட்டுவது ஒரேயொரு தாள், அதில் கணக்கு மட்டும், பேச்சாளர் பெயர் கிடையாது. சில கிழமை ஆறு பேர்தான், ஆனால் அந்த ஆறு பேரும் பலகைக்கு வந்தார்கள்.

கணினிப் பக்கம் என்றால் போட்டிக்கு ஆயத்தப்படுத்துங்கள். பல்கலைக்கழகங்களுக்கான சர்வதேச நிரலாக்கப் போட்டியான ஐசிபிசி முறையில் மூன்று பேருக்கு ஒரேயொரு கணினி, ஐந்து மணித்தியாலம். லப்பில் பழைய கணக்குகளை எடுத்து அதே மாதிரி நடத்தலாம், ஒரு கணக்குச் சரிவந்தால் ஒரு பலூன், செலவு பலூன் காசு மட்டும். ஐட்ரிபிள்ஈ என்ற பொறியியலாளர் அமைப்பு நடத்தும் எக்ஸ்ட்ரீம் இருபத்துநாலு மணித்தியால நிரலாக்கப் போட்டி, உலக நேரப்படி நள்ளிரவில் தொடங்குவதால் எங்களுக்கு அது விடிய ஐந்தரை, சனி விடிய ஐந்தரையில் இருந்து ஞாயிறு விடிய ஐந்தரை வரை. அதற்கு மேற்பார்வைக்கு அந்த அமைப்பின் உறுப்பினர் ஒருவர் இருக்கவேண்டும் என்று விதி இருந்ததால் எங்கள் இளம் சேர் ஒருவர் இரவு முழுக்க லப்பில் இருந்தார். இரண்டு மணிக்கு அவரே எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். எத்தனையாம் இடம் வந்தோம் என்று கேட்காதீர்கள். ஆனால் மூன்று வருடத்தில் படிக்காத ஒன்றை அந்த இரவில் படித்தேன்: மூன்று பேரும் ஒரே நேரத்தில் தட்டச்சுச் செய்ய முடியாது என்றால் இரண்டு பேர் கட்டாயம் யோசித்துத்தான் ஆகவேண்டும்.

---

வேலையில்லாப் பட்டதாரி எழுதியது:

தீவைச் சுற்றினால் வேலை கிடைக்குமா அண்ணை? பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்றால் பின்னேரத்தில் அவர்கள் வேறு கோர்ஸ் படிக்கிறார்கள், பாதிப் பேர் ரியூசன் கொடுத்துச் சாப்பிடுகிறார்கள். மன்றம் ஏதாவது செய்வதென்றால் கொழும்புக் கம்பனிகளை அழைத்து இன்டர்ன்ஷிப் நேர்முகம் வையுங்கள், சிவி எழுதப் பழக்குங்கள். மற்றதெல்லாம் வயிறு நிறைந்தவன் விளையாட்டு.

---

கொக்குவில் அண்ணை எழுதியது:

நேர்முகத்தில் எங்கள் கம்பனி கேட்பது அந்தத் தீவுக் கணக்கு மாதிரி ஒன்றைத்தான், அதுவும் பலகையில் எழுதிக் காட்டச் சொல்லி. போன மாதம் நேர்முகம் செய்தவர்களில் நான் இருந்தேன். சிவி நன்றாக எழுதிக்கொண்டு வந்த பிள்ளை மாக்கரைக் கையில் வாங்கியதும் உறைந்துபோனது. அந்தப் பிள்ளைக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை, ஆட்களுக்கு முன்னால் பிழைவிட்டுப் பழக்கம் இல்லை. சிவி வேலையும் செய்யுங்கள், நான் எதிர்க்கவில்லை. ரியூசன் கொடுக்கிறவர்களின் நேரம் நியாயமான கேள்வி, ஆகவே நாலு மணிக்கு மேல் வைக்காதீர்கள், தூரத்துப் பிள்ளைகளுக்கும் பஸ் பிடிக்கவேண்டும்.

---

சோக்குத்தூசி எழுதியது:

நான் கற்பிக்கிற பக்கத்தில் இருக்கிறேன், எங்கே என்பது வேண்டாம். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன்.

மாணவர்கள் எங்களிடம் வந்து “சேர், ஒரு உரை ஆற்றவேண்டும்” என்று கேட்கும்போது எங்கள் மனதில் வருவது இரண்டு இரவு ஸ்லைட் செய்யும் வேலை. எங்களுக்கும் வினாத்தாள் திருத்தம், ஆய்வு, குழுக்கூட்டம் என்று தலைக்கு மேல் இருக்கிறது. அதையே “சேர், இந்தக் கணக்கில் இந்த இடத்தில் நிற்கிறோம், வியாழக்கிழமை அரை மணித்தியாலம் வரமுடியுமா” என்று கேட்டுப் பாருங்கள். வராத ஆளை நான் இன்னும் காணவில்லை. கணக்கைக் கண்டால் எங்களுக்கும் கை துருதுருக்கும், மறைத்துக்கொண்டு திரிகிறோம், அவ்வளவுதான். வரும் சேர்மாருக்கு மாலை போடாதீர்கள். மாலை போட்டால் அந்த மனிதரால் அதற்குப் பிறகு “எனக்கும் இது தெரியவில்லை, யோசிப்போம்” என்று சொல்ல முடியாது. அந்த ஒரு வசனத்தை விரிவுரையாளர் வாயால் கேட்பது ஒரு மாணவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகுதான் விளங்கியது.

முதலில் பிடிக்கவேண்டியது உதவி விரிவுரையாளர்களை. போன வருடம்தான் பட்டம் முடித்தவர்கள், உங்கள் பாடத்தில் எந்த இடம் இடறும் என்று எங்களைவிட அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அடுத்தது நாலாம் வருடத்தினர். ஆய்வுத் திட்டத்தைப் பரீட்சகர்களுக்கு முன் வைக்க முதல் அதை உங்களுக்கு முன்னால் ஒருதரம் சொல்லிப் பார்க்கட்டும். இரண்டாம் வருடப் பிள்ளைக்கு விளங்கும்படி சொல்ல முடியவில்லை என்றால் பரீட்சகர் எங்கே குத்துவார் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். நீங்களும் அடுத்த வருடம் எந்தச் சேரிடம் எந்தத் தலைப்பில் போகலாம் என்று இப்போதே பார்த்துவைக்கலாம்.

மொழி. இது கொஞ்சம் நீளும். உயர்தரத்தில் எங்கள் பிள்ளைகள் தாயம், காவி, சார்பு, வகையீடு என்று படித்துவிட்டு வருகிறார்கள். முதல் கிழமையே மேட்ரிக்ஸ், வெக்டர், பங்ஷன் என்று ஆங்கிலத்தில் கொட்டுகிறோம். அவர்களுக்குத் தாயம் நன்றாகத் தெரியும், மேட்ரிக்ஸ் என்பது அதுதான் என்று ஒருவர் சொல்லும்வரை புதிதாக ஏதோ வந்திருக்கிறது என்று பயப்படுகிறார்கள். எப்சிலன், டெல்ரா வைத்து எல்லையை வரையறுக்கும் பாடத்தில் நான் ஒரு தடவை தமிழில் சொல்லிப் பார்த்தேன். “நீ எவ்வளவு கிட்ட வேண்டும் என்று சொல், அதற்கு நான் எவ்வளவு கிட்டப் போகவேண்டும் என்று சொல்கிறேன்.” பேரம் பேசுகிற மாதிரித்தானே, சந்தையில் நின்ற பிள்ளைக்கு விளங்காதா. வகுப்பில் பாதிப் பேருடைய முகம் மாறியது. ஆனால் அதே வகுப்பில் சிங்களப் பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள், அதுவும் சரியில்லை.

உங்கள் கணக்கு வட்டத்துக்கு என் யோசனை: பலகையில் குறியீடும் படமும் மட்டும், எழுத்தில் சொற்கள் வேண்டாம். வாயால் அவரவருக்கு வரும் மொழியில் பேசட்டும், ஒவ்வொரு மேசையிலும் இரண்டு மொழிக்காரரும் கலந்து இருக்கட்டும். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேச ஆங்கிலம், அது இருவருக்கும் இரவல்தான், ஆகவே ஒருவருடைய பிழையை மற்றவர் சிரிக்கமாட்டார். கணிதத்தில் இது ஓரளவுக்குச் சரிவரும். கணினிப் பாடத்திலும் வரும், நிரல் எல்லோருக்கும் ஒன்றுதானே. இலக்கியத் துறையாக இருந்தால் இந்த யோசனையைச் சொல்லியிருக்கமாட்டேன்.

---

பாமினி அக்கா எழுதியது:

மலரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, எனக்கு அதில்தான் ஆர்வம். பழைய மலர்கள் கணினியில் இருந்தால் அனேகமாகப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கும். அதைத் திறந்தால் இப்போது ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும், தேடவும் முடியாது. அதை யுனிகோடுக்கு மாற்றும் நிரலை முதலாம் வருடப் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கிறது என்று சொல்வார்கள், கிடைக்கட்டும், இவர்களும் எழுதட்டும். பாமினியில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முதல் தட்டப்படும், யுனிகோடில் எழுத்துக்குப் பிறகு வரும். அந்த ஒரு இடத்தில் எல்லோரும் விழுவார்கள், விழுந்து எழும்பினால் நிரல் எழுதப் பழகிவிடுவார்கள்.

வட்டத்துக்கும் ஒரு கணக்குத் தருகிறேன். பைதன் நிரல்மொழியில் “யாழ்ப்பாணம்” என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். 11 என்று சொல்லும். கையால் எண்ணுங்கள்: யா, ழ், ப், பா, ண, ம். ஆறு எழுத்து. மிச்சம் ஐந்தும் எங்கே இருந்து வந்தது? கால் இரண்டு, புள்ளி மூன்று, ஒவ்வொன்றும் தனிக் குறியாக உள்ளே இருக்கிறது. கோப்பில் யூரிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில் சேமித்தால் ஒரு குறிக்கு மூன்று பைட், ஆக 33 பைட். இப்போது சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லுங்கள், புள்ளி முதலில் வந்து நிற்கும், தமிழில் எந்தச் சொல்லும் அப்படித் தொடங்காது. சரியாக ஆறு எழுத்து என்று எண்ணி, சரியாகத் திருப்பும் நிரலை எழுதுவதுதான் கணக்கு. எழுதி முடித்ததும் “கொக்குவில்” கொடுத்துப் பாருங்கள். கொ என்பதில் வரும் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறியாகவும் எழுதலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. என் முதல் வேலையில் ஒரு வாடிக்கையாளர் பெயர் தேடலில் அகப்படவில்லை என்று இரண்டு நாள் மண்டையை உடைத்தது இதற்காகத்தான்.

மலர் முடிந்ததும் நூலகம் திட்டத்துக்குக் கொடுத்துவிடுங்கள். 2005 இல் இருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்க்கிறார்கள், உங்கள் மன்ற மலருக்கும் ஒரு மூலை கிடைக்கும்.

---

வடமராட்சி வாத்தியார் எழுதியது:

பிள்ளைகள், நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவன். உங்கள் மன்றம் பள்ளிக்கூடங்களுக்கும் வருவது வழக்கம்தானே, ஒரு வேண்டுகோள். உயர்தரக் கணிதப் பிரிவுக்குத்தான் எல்லோரும் செமினார் வைக்கிறார்கள், அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கனவே மூன்று ரியூசன். பத்தாம், பதினோராம் தரத்துக்கு வாருங்கள். சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் அந்தப் பிள்ளைக்கு எத்தனை கதவு அடைபடும் என்று உங்களுக்குத் தெரியும். பதாகை பிடித்துப் படம் எடுத்துவிட்டுப் போகாமல் ஒரே பள்ளிக்கு நாலு தரம் வாருங்கள், பிள்ளைகளின் பெயர் பாடமாகும்வரை வாருங்கள். அந்தத் தீவுக் கணக்கு ஏழாம் வகுப்புக்கே போதும், நான் நாளைக்கே எடுக்கப்போகிறேன்.

வட்டக் கணக்கில் வரும் பைக்கு (π) நாள் கொண்டாடுகிறவர்களுக்கும் ஒன்று. மார்ச் 14, அதாவது 3.14, என்பது மாதத்தை முதலில் எழுதுகிற அமெரிக்கருக்குச் சரி. நாங்கள் நாளை முதலில் எழுதுகிறவர்கள், எங்களுக்கு யூலை 22, அதாவது 22/7. அதுவும் 3.14 ஐ விட 22/7 தான் பைக்குக் கிட்ட. கழித்துப் பாருங்கள்.

தமிழில் கணிதம் பேசலாமா என்று யோசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி என்ற மிஷனரிக் கல்லூரியில் படித்த கறல் விசுவநாதபிள்ளை தமிழிலேயே அட்சரகணித (அல்ஜிப்ரா) நூல் எழுதிவிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர் அவர், மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது விஞ்ஞான பீடம் முதலில் இயங்கியதும் வட்டுக்கோட்டையில்தான். கிழடு பழங்கதை சொல்கிறது என்று நினைக்காதீர்கள், நினைத்தாலும் பரவாயில்லை.

---

திருநெல்வேலிச் சந்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தங்கச்சிதான் அண்ணா.

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். புதன்கிழமை பன்னிரண்டரைக்கு, சாப்பாட்டு நேரத்தில், பார்சலைக் கொண்டே வரலாம் என்று ஒரு தாள் ஒட்டினோம். தாளில் தீவுகளின் படம் மட்டும். முதல் கிழமை பதினொரு பேர், போன கிழமை இருபத்துமூன்று. சிங்களப் பிள்ளைகள் ஆறு பேர் வந்தார்கள். நயினாதீவை அவர்கள் நாகதீப என்கிறார்கள், எல்லோரும் ஒருதரமாவது போய்வந்த இடம், ஆகவே குறிகட்டுவான் படகை விளங்கப்படுத்தத் தேவையே இருக்கவில்லை. ஒரு உதவி விரிவுரையாளர் அக்கா வாசலில் நின்று எட்டிப் பார்த்தார், பிறகு உள்ளே வந்தார், பிறகு சோக்கைப் பறித்துக்கொண்டார்.

ஒற்றை எண் நாலு இடத்தில், ஆகவே முடியாது என்று நாங்கள் ஒருமாதிரி நிறுவி முடித்தோம். கைதட்டியும் ஆயிற்று. அப்போது முதலாம் வருடப் பிள்ளை ஒன்று கையை உயர்த்தியது, சொந்த ஊர் நெடுந்தீவு. “அக்கா, காத்துக்கு கடல் பெருத்தால் எங்கட படகு ஓடாதே” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பலகைக்கு வந்து நெடுந்தீவுக் கோட்டை அழித்தாள். புங்குடுதீவு இரண்டாகிவிட்டது. ஒற்றை எண் வேலணையும் நயினாதீவும் மட்டும். பிறகு ஒவ்வொன்றாகக் கீறிக் காட்டினாள்: வேலணையில் தொடங்கிப் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம், பொன்னாலையால் காரைநகர், பாதையில் ஊர்காவற்றுறை, அங்கிருந்து தீவைக் கடந்து புங்குடுதீவு, படகில் நயினாதீவு. முடிந்தது.

“அண்டைக்கு மட்டும் உங்கட கணக்குக்கு விடை இருக்கு, நான்தான் வீட்டை போகேலாது” என்றுவிட்டுப் போய் இருந்தாள்.

அடுத்த புதன் பாமினி அக்காவின் கணக்கு. ரோல்ஸ் கிடையாது, தேத்தண்ணி மட்டும்.